தம்புரானுக்கு ஒரு பேர்

தம்புரான் என்கிற சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று வேதமணி சாரிடம் கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவார். என்னிடம் கேட்டால் ஒரே வரியில் சொல்லிவிடுவேன். ஆனால் நான் ஞாயிற்றுக்கிழமை சபையில் முன்வரிசையில் நின்று பாடுகிறவள், அந்த வரியை என் வாயால் சொல்லக்கூடாது. அதனால் நடந்ததைச் சொல்கிறேன். வரியை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

என் பேர் செல்லபாய். பாறசாலைச் சந்தை முக்கில் தையல்கடை வைத்திருக்கிறேன். மிஷன் அம்மாக்களிடம் படித்த தையல், கல்யாணத்துக்கு அப்பா வாங்கித்தந்த மெஷின். என்னைக் கட்டிய மாப்பிள்ளை ஜெயதாஸுக்கு அதே வரிசையில் சைக்கிள் கடை. வாய் திறக்காத மனுஷன். மற்ற கடைக்காரர்கள் பஞ்சர் பார்க்க டியூபைத் தண்ணீர்ச் சட்டியில் முக்குவார்கள். இவருக்குச் சட்டி வேண்டாம். காற்றடித்த டியூபைச் செவிப்பக்கம் வைத்துச் சுற்றுவார், ஓட்டை எங்கே என்று செவி சொல்லிவிடும். சந்தை இரைச்சலுக்கு நடுவிலும் அந்தச் சீறலைக் கேட்டுவிடுவார். நான் வாசலில் நின்று முணுமுணுப்பதும் அப்படித்தான் கேட்கும், அதில்தான் எங்களுக்குள் சண்டை வரும்.

ஐம்பத்திநாலாம் வருஷம். மலையாள ராஜ்யத்தில் கிடந்த தெற்குத் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கவேண்டும் என்று போராட்டம் கொதித்துக்கொண்டிருந்தது. விளவங்கோட்டுக்காரர்களைப் போல நாங்களும், அதாவது நெய்யாற்றின்கரைத் தாலுகாவில் தமிழ் பேசுகிறவர்களும், எங்களையும் சேருங்கள் என்று கத்திக்கொண்டிருந்தோம். எங்கள் ஊர்க் கமிட்டிக்குச் செயலாளர் வேதமணி சார். மிஷன் பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார். கொடியெல்லாம் நான் தைத்துக் கொடுத்தேன்.

ஆடி மாதக் கடைசியில் மார்த்தாண்டம் பக்கம் துப்பாக்கிச் சூடு நடந்தது. அதற்குப் பிறகு போலீஸுக்குக் கையில் அகப்பட்டவன் எல்லாம் குற்றவாளி. நான் தைத்த கொடிக்கட்டை சைக்கிளில் வைத்துக் கமிட்டி ஆபீசுக்குக் கொண்டுபோன ஜெயதாஸை வழியில் பிடித்தார்கள். ஊர்வலத்துக்குப் போனவரில்லை, கோஷம் போட்டவரில்லை. ஊர்வலத்தில் தொண்டை கிழியக் கத்திய கமிட்டிப் பேச்சாளன் பொன்னப்பன் மூன்றாம் நாளே வெளியில் நடமாடினான். எந்த லாக்கப்பில் அடைத்தார்கள் என்று நான் சொல்லப்போவதில்லை, சொன்னால் இன்னொரு வழக்கு வரும்.

சேதி கொண்டுவந்தவள் பெர்த்தா. பொழியூர்க் கடற்கரையிலிருந்து மீன் சுமந்து வருகிறவள். போலீஸ் குடியிருப்புக்கும் அவள்தான் மீன் கொடுப்பாள். என் கடை வாசலில் கூடையை இறக்கும்போது எப்போதும் "எனக்க தம்புரானே" என்பாள். அது பரலோகத்தில் இருக்கிறவரைக் கூப்பிடுவது, அவருக்கு அந்தச் சொல் பொருந்தும், அதில் எனக்குச் சண்டையில்லை. அன்றைக்கு அதைக்கூடச் சொல்லாமல் உட்கார்ந்தாள்.

"மக்கா, ஒனக்க மாப்பிளய நான் கண்டேன். கொல்லப்பக்கம் கூட்டிக்கிட்டு வந்தானுவ. மூத்திரத்துல ரத்தம் போவுது. வள்ளம் மறிஞ்சு எனக்க ரபேலுக்கு அடிபட்டப்பவும் இப்பிடித்தான் போச்சு. பைய இருக்காத. சட்டுன்னு எதாவது செய்யி."

வக்கீலிடம் ஓடினேன். ஜாமீன் கிடைக்கும் என்றார். ஆனால் சொந்த நிலம் உள்ள ஒருத்தர் கோர்ட்டில் நின்று பொறுப்பேற்கவேண்டும். எங்கள் சபையில் நிலம் உள்ளவர்களுக்குக் குறைச்சலே இல்லை. ஒருவருக்கு அன்றைக்குத்தான் வயிற்றுப்போக்கு. ஒருவர் மகளுக்குச் சம்பந்தம் பேசப் போகிறாராம். இன்னொருவர் ஜெபிப்பதாகச் சொன்னார். ஜாமீன் நின்றால் போலீஸ் தங்கள் வீட்டுப் படியும் ஏறும் என்று பயம். பயம் என்று சொன்னால் நான் மன்னித்திருப்பேன், ஜெபிப்பேன் என்று சொன்னதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

அப்போது வேதமணி சார் சொன்னார். "மேலேக்கொட்டாரத்துக்குப் போவோம். தம்புரான் ஜாமீன் நிண்ணா எவன் எதுத்துப் பேசுவான்?"

மேலேக்கொட்டாரம் வெள்ளறடைக்கு அப்பால் மலைச்சரிவில் இருக்கிறது. பழைய ராஜகுடும்பத்தோடு ஏதோ ஒரு கிளையில் உறவு சொல்லிக்கொள்ளும் வீடு. ராஜ்யம் போய் ஐந்து வருஷம் ஆகியிருந்தது. அந்தப் பக்கத்துச் சனங்களுக்கு மட்டும் அது போனதாக யாரும் சொல்லவில்லை. ஓணத்துக்கு முந்தின நாள் வாழைக்குலையும் காய்கறியும் சுமந்துகொண்டு போய் இன்னும் முற்றத்தில் வைத்துவிட்டு வருவார்கள்.

"அங்க நான் வரமாட்டேன் சாறே," என்றேன்.

காரணம் உண்டு. நூறு வருஷத்துக்கு முன்னால் எங்கள் குடும்பத்தில் முதலில் வேதத்தில் சேர்ந்தவள் ஏசுவடியாள். மிஷன் அம்மா தைத்துக் கொடுத்த குப்பாயத்தைப் போட்டுக்கொண்டு அவள் சந்தைக்குப் போனாள். தோளை மறைக்க உனக்கு என்ன உரிமை என்று மேலேக்கொட்டாரத்து ஆட்கள் அதை நடுச்சந்தையில் கிழித்தார்கள். கிழிந்ததை அள்ளிப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தவள், இனி இந்த வீட்டில் மனுஷப் பிறவி எவனையும் தம்புரான் என்று விளிக்கக் கூடாது என்றாளாம். அன்று தொடங்கி எங்கள் வீட்டில் அந்த விளி கிடையாது. நான் தையல் படித்ததே அந்தக் கதையைக் கேட்டுத்தான்.

வேதமணி சாருக்கு இந்தக் கதை தெரியும். ஆனால் அவருக்கு அந்தச் சொல்லின் மேல் ஒரு பைத்தியம். 'தம்புரான் தமிழனே' என்று ஒரு துண்டுப் பிரசுரமே அடித்திருந்தார். ராஜகுடும்பத்தைச் சொல்லும் சொல்லே தமிழ், அதனால் ராஜகுடும்பம் தமிழ், அதனால் நாடு தமிழ் என்று அதில் நிரூபித்திருந்தார். கொட்டாரத்துத் தம்புரானையே நம் பக்கம் இழுத்துவிட்டால் போராட்டம் ஜெயித்த மாதிரி என்று அவருக்கு எண்ணம். ஜெயதாஸை மீட்பதும் அதோடு நடந்துவிடும். ஒரு கல்லில் இரண்டு மாங்காய்.

பெர்த்தா சொன்ன ரத்தம் என் கண்ணிலேயே நின்றது. போனேன்.

வேதமணி சார், பொன்னப்பன், நான். வெள்ளறடையில் பஸ் இறங்கி நடந்தோம். வழியெல்லாம் பொன்னப்பன் பேசிக்கொண்டே வந்தான். மேடையில் அவன் பேச்சு தனி. ராஜாக்களின் கிரீடத்தைப் பிடுங்கி முருங்கை மரத்தில் தொங்கவிடுவோம் என்பான், கைதட்டல் அடங்க நேரமாகும். அப்படிப்பட்டவன் கொட்டாரத்து வாசல் படிப்புரையைக் கண்டதும் பேச்சை நிறுத்தினான். தோளில் கிடந்த துண்டு இறங்கி இடுப்புக்குப் போயிற்று. யாரும் சொல்லவில்லை. அங்கே சொல்ல யாருமே இல்லை, முற்றத்தில் ஒரு பசுமாடு மட்டும் நின்றது. திரும்பி வேதமணி சாரைப் பார்த்தேன். அவருடைய ஜரிகை நேரியலும் கக்கத்துக்குள் போயிருந்தது. எம்.ஏ. படித்த கை அது.

முற்றத்தில் ஒரு செங்கல் வரம்பு உண்டு. பழைய நாளில் எங்கள் ஆட்கள் அதைத் தாண்டக்கூடாது. இப்போது தாண்டலாம், சட்டம் உண்டு. இரண்டு பேரும் வரம்புக்கு இந்தப் பக்கம் நட்டுவைத்த மாதிரி நின்றார்கள். நான் தாண்டிப்போய் நின்றேன். பொன்னப்பன் என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தான்.

"கைய எடுலே," என்றேன்.

தம்புரான் சாய்வுநாற்காலியில் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். மெலிந்த ஆள், காலில் ஆணி, அதற்கு ஏதோ பச்சிலை கட்டியிருந்தது. பக்கத்தில் காரியஸ்தர் நின்றார், வயதானவர், வாயைப் பொத்திக்கொண்டே பேசுகிறவர்.

ஜெயதாஸ் பேரை எடுக்காமல் வேதமணி சார் சொல்லில் ஆரம்பித்தார்.

"தம்புரான் எங்கிறது சுத்தத் தமிழ்ச் சொல்லாக்கும். பெருமகன் பெருமான் ஆச்சு. பெருமான் பிரான் ஆச்சு. எம்பிரான்னா எங்களுக்க தலைவன், தம்பிரான்னா தங்களுக்க தலைவன். அதுதான் நாக்குல தேஞ்சு தம்புரான் ஆச்சு. அப்ப இந்தக் கொட்டாரம் ஆதியில தமிழ்க் கொட்டாரம். தம்புரான் எங்கள விட்டு நிக்கப்பிடாது."

காரியஸ்தருக்குக் கோபம் வந்துவிட்டது. "அது குடியான்மார் விளிக்குந்ந விளி," என்றார். "ராஜகுடும்பத்தினு சரியாய பேரு ஸ்வரூபம். ஸ்வந்தம் ரூபம். ஆரும் உண்டாக்கியதல்ல, தன்னத்தானே உண்டாயது. சம்ஸ்க்ருதம். அதில் தமிழ் எவிடே?"

வேதமணி சார் ஒரு பழைய கல்வெட்டை எடுத்தார். காரியஸ்தர் ஒரு ஓலையை எடுத்தார். அவர் ஒரு சுலோகம் சொன்னார், இவர் ஒரு வெண்பா சொன்னார். தம்புரான் வெற்றிலையைத் துப்பிவிட்டு, சேவல்சண்டை பார்ப்பதுபோல் இரண்டு பக்கமும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் என் உச்சியில் இறங்கியது. அங்கே ஒருவன் ரத்தமாய்ப் போய்க்கொண்டிருக்கிறான், இங்கே இரண்டு கிழங்கள் வேர் தோண்டுகின்றன.

எனக்குப் பொறுமை விட்டுப்போயிற்று.

"தன்னத்தானே உண்டானதா?" என்று கத்தினேன். "இந்தச் சுவருக்கு மண்ணு சுமந்தது ஆரு? இந்தக் கொளம் வெட்டினது ஆரு? எங்க ஆளுவளாக்கும். கூலி கேட்டதுக்கு அடி. தோளு மறச்சதுக்கு அடி. அடிபட்டவன் வாயிலருந்து வந்ததாக்கும் ஒங்க சொல்லு. அதுக்குத் தமிழ் எது, சம்ஸ்கிருதம் எது? சாறே, எனக்க மாப்பிளைக்க காரியத்தச் சொல்லுங்க. இல்லேன்னா நான் போறேன்."

காரியஸ்தர் கையை ஓங்கிக்கொண்டு வந்தார். தம்புரான் அவரைத் தடுத்தார்.

"அவள் பறயட்டே," என்றார். "பக்ஷே முறப்படி பறயணும்."

முறைப்படி என்றால் எல்லாருக்கும் புரிந்தது. நான் செங்கல் வரம்புக்கு வெளியே போகவேண்டும். குனியவேண்டும். என்னை அடியேன் என்றும் அவரைத் தம்புரான் என்றும் சொல்லவேண்டும்.

வேதமணி சார் வரம்புக்கு அந்தப் பக்கம் நின்றபடியே என் செவிப்பக்கம் சாய்ந்தார். "சொல்லும்மா. ஒரு சொல்லுதானே. அதுவும் நம்ம தமிழ்ச் சொல்லு."

அந்த நேரத்தில் அந்த மனுஷனை நான் வெறுத்த அளவுக்குத் தம்புரானைக்கூட வெறுக்கவில்லை. ஆனால் ஜெயதாஸ் அங்கே கிடந்தார். நான் வரம்பைத் தாண்டி வெளியே வந்தேன். குனிந்தேன்.

"தம்புரானே, அடியேனுக்க மாப்பிளய மீட்டுத் தரணும்."

நாக்கு அறுந்து விழவில்லை. இடி இறங்கவில்லை. நூறு வருஷம் எங்கள் வீட்டில் யாரும் சொல்லாத சொல், தினமும் சொல்லிப் பழகினது மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது. எனக்கு அதுதான் ஆத்திரம். இன்றைக்கும் அதுதான் ஆத்திரம்.

"ஜாமீன் நில்க்காம்," என்றார் தம்புரான். நின்றுகொள்கிறாராம்.

படிப்புரை தாண்டியதும் பொன்னப்பனின் துண்டு மறுபடி தோளுக்கு ஏறியது. "ஜெயிச்சாச்சு மைனி," என்றான். வேதமணி சார் வழியெல்லாம் ஸ்வரூபத்துக்கு மறுப்பு யோசித்துக்கொண்டு வந்தார்.

வெள்ளிக்கிழமை கோர்ட். ஜெயதாஸைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். முகம் வீங்கியிருந்தது, ஒரு கையால் விலாவைப் பிடித்திருந்தார். நான் தூரத்தில் நின்று வாய்க்குள் "இண்ணைக்கு வீட்டுக்குப் போலாம்" என்றேன். அவ்வளவு இரைச்சலிலும் அவருக்குக் கேட்டது. தலையை ஆட்டினார்.

மாஜிஸ்திரேட் வடக்கேயிருந்து புதிதாக மாறி வந்தவர். ஜாமீன்காரர் யார் என்று கேட்டார். காரியஸ்தர் முன்னால் போனார். தம்புரான் வரவில்லை. ஜாமீன்காரரின் பேரைக் கோர்ட் டவாலி வாசலில் நின்று மூன்று தடவை உரக்க விளிப்பான் என்பதால் தம்புரான் வரமாட்டாராம். சந்தைச் சனம் நடுவில் அவர் பேர் கேட்பது குறைச்சலாம். பொறுப்பேற்பதாக ஆள்மூலம் சொல்லியனுப்பியிருந்தார்.

"அவர் வராட்டி போகட்டும், ஆளு யாருன்னாவது பதியணும். பேரு?" என்றார் மாஜிஸ்திரேட்.

"தம்புரான்," என்றார் காரியஸ்தர்.

"பேரு."

"மேலேக்கொட்டாரத்தில் தம்புரான்."

"அது பேரல்ல. பேரு, தகப்பன் பேரு, நிலத்தின் சர்வே நம்பர். டைம் தரட்டுமா, இல்லே இப்போ சொல்லுமா?"

காரியஸ்தர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். எஜமானின் பேர் அவருக்குத் தெரியும். அதை உச்சரிப்பது அவருடைய முறையில் பாவம். "அடியன் அது உச்சரிச்சுகூடா," என்று சொல்லி, தலை நிமிர்ந்து, பெரிய காரியம் சாதித்தவர் மாதிரிக் கோர்ட்டை விட்டு இறங்கிப் போனார்.

நான் வேதமணி சாரைப் பார்த்தேன். "சாறே, நீங்க சொல்லுங்க! அவருக்க பேரு என்ன?"

அவருக்குத் தெரியவில்லை. பெருமகன் பெருமான் ஆனது தெரியும், பெருமான் பிரான் ஆனது தெரியும். பிரசுரம் அடித்தவருக்கு அந்த ஆளின் பேர் தெரியாது. பொன்னப்பனுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. கோர்ட்டில் கூடியிருந்த எங்கள் ஆட்களில் ஒருவருக்கும் தெரியாது. அந்தக் கொட்டாரத்து முற்றத்தில் குலை சுமந்து வைத்தவர்களின் பிள்ளைகள் அத்தனை பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம்.

மாஜிஸ்திரேட் வழக்குக் கட்டை மூடினார். திங்கட்கிழமைக்கு மாற்றினார். ஜெயதாஸைத் திருப்பிக் கொண்டுபோனார்கள்.

அன்று மத்தியானமே தனியாக மேலேக்கொட்டாரத்துக்குப் போனேன். வழியில் கண்டவரையெல்லாம் கேட்டேன். சாயாக்கடைக்காரன் சிரித்தான். "தம்புரானுக்குப் பேரா? தம்புரான்தான் பேரு." மரச்சீனி பிடுங்கிக்கொண்டிருந்த ஒரு பெண் என் கையைப் பிடித்து, இப்படியெல்லாம் கேட்டுக்கொண்டு நடக்காதே, புத்தி சரியில்லையென்று நினைப்பார்கள் என்றாள். கொட்டாரத்துப் படியில் காரியஸ்தர் வழிமறித்தார்.

"தம்புரான்கிட்ட பேரக் கேட்டுச் சொல்லுங்க. இல்ல, அவரயே வந்து சொல்லச் சொல்லுங்க. ஒரு ஆளுக்க உயிராக்கும்."

"எடீ, திருநாமம் சோதிக்கான் நீ ஆரு?" என்று சீறினார். பேரைக் கேட்க நான் யாராம். உள்ளே சாய்வுநாற்காலி தெரிந்தது. பச்சிலை கட்டிய கால் தெரிந்தது. அந்தக் கால் அசையவில்லை. எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஒரு பேரச் சொல்லப்பிடாதா?" என்று அந்தக் காலைப் பார்த்துக் கத்தினேன். கால் உள்ளே இழுத்துக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போகவில்லை. ஜெபிக்கிறவர்களின் முகத்தைப் பார்த்தால் பாட்டுப் புத்தகத்தை எறிந்துவிடுவேன் என்று பயமாக இருந்தது. சாயங்காலம் பெர்த்தா வந்தாள், கூட அவள் புருஷன் ரபேலும். ரபேலுக்குக் கடற்கரையில் வீடு நிற்கிற மணல் சொந்தம். கரம் தீர்த்த, அதாவது நிலவரி கட்டிய, ரசீதை ஒரு புகையிலைத் தகரத்தில் வைத்துக் கொண்டுவந்திருந்தான்.

"மணலும் நெலந்தானே?" என்று கேட்டான்.

"நீ கேட்டிருந்தா அண்ணைக்கே வந்திருப்பாரு," என்றாள் பெர்த்தா. "எங்ககிட்ட ஆரு கேட்டிய? கொட்டாரத்துக்கு அல்லவா ஓடினிய."

கடல்காரனிடம் கேட்கலாம் என்று வேதமணி சாருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

திங்கட்கிழமை டவாலி மூன்று தடவை ரபேல் பேரை விளித்தான். முதல் விளிக்கே ரபேல் "ஓய்" என்று குரல் கொடுத்தான். அலைக்கு மேல் கத்திப் பழகிய தொண்டை, கோர்ட்டே திரும்பிப் பார்த்தது. தன் பேரும் தகப்பன் பேரும் சொன்னான். தகரத்தைத் திறந்து வைத்தான். ஜெயதாஸை விட்டார்கள்.

வெளியே வந்தவரின் பக்கத்தில் போய், மெதுவாக, "வாங்க போலாம்," என்றேன். அவர் நேரே பார்த்துக்கொண்டு நின்றார். மறுபடி சொன்னேன். தோளைத் தொட்டபோதுதான் திரும்பினார். இடது செவியில் காய்ந்த ரத்தம்.

வீட்டுக்கு வந்து கஞ்சி குடித்த பிறகு சொன்னார். வெள்ளிக்கிழமை திருப்பிக் கொண்டுபோனதும் ஹெட் கான்ஸ்டபிள் கேட்டானாம்: "ஒனக்க ஜாமீன்காரன் ஆருலே?" தம்புரான் என்றாராம் இவர். "பேரச் சொல்லுலே," என்று செவியில் ஒரு அறை. தெரியாது என்றார். இன்னொரு அறை. பேர் தெரியாத ஆளையா ஜாமீனுக்குக் கொண்டுவந்தாய் என்று, கை ஓயும்வரைக்கும். பேர் தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன் என்றார் ஜெயதாஸ், தான் ஏதோ பாடம் படிக்காமல் போனது மாதிரி.

விலா ஆறியது, ரத்தம் நின்றது. செவி வரவில்லை. இடது முழுக்கப் போயிற்று, வலதில் பாதி. டியூபை வலது செவியில் வைத்துச் சுற்றிப் பார்த்தார், கொஞ்ச நாள். பிறகு தண்ணீர்ச் சட்டி வாங்கினார். பிறகு கடையை மூடினார். சட்டியில் முக்கினாலும் பஞ்சர் தெரியும், எல்லாரும் செய்கிறதுதான். இவரால் அதைச் செய்ய முடியவில்லை. என் கடையில் வந்து உட்கார்ந்து பட்டன் தைத்தார், துணிகளுக்குச் சீட்டு எழுதினார்.

இரண்டு வருஷம் கழித்து நாடு பிரிந்தது. களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாடு, இந்தப் பக்கம் கேரளம். நாங்கள் இந்தப் பக்கம் நின்றோம். நான் தைத்த கொடியில் மிச்சம் இருந்ததை மெஷின் துடைக்க வைத்துக்கொண்டேன். வேதமணி சார் ஒரு மாதம் யாரோடும் பேசவில்லை. பிறகு பேசினார். தம்புரான் என்ற சொல் தமிழுக்கும் மலையாளத்துக்கும் பொதுச் சொத்து என்று புதிதாக ஒரு பிரசுரம், இரண்டு மொழியிலும்.

தேர்தல் வந்தது. மேலேக்கொட்டாரத்துத் தம்புரான் சுயேச்சையாக நிற்கப்போகிறார் என்று கேள்விப்பட்டேன். ராஜ்யம் போனது கடைசியில் அவருக்கே தெரிந்துவிட்டது போலிருக்கிறது. சந்தை நாளன்று மத்தியானம், சனம் நெருக்கிக்கொண்டிருந்த நேரம், ஒரு கார் என் கடை வாசலில் நின்றது. முன்னால் வேதமணி சார் இறங்கினார். பின்னால் அவர், கொஞ்சம் நொண்டிக்கொண்டு. கையில் கதர்த் துணி.

"செல்லபாய், தம்புரானுக்கு ஒரு ஜிப்பா வேணும்," என்றார் வேதமணி சார். "பிரசாரத்துக்கு. நம்ம கடையில தச்சா நம்ம சனத்துக்கும் ஒரு இது."

"தச்சிரலாம்," என்றேன். "இரியுங்க."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். என்னை அவருக்கு நினைவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, சுத்தமாக நினைவில்லை. நேருக்குநேர் நின்று கத்தியிருந்தும் அவருக்கு நான் ஒரு குனிந்த முதுகு மட்டும்தான்.

என் கடையில் ஒரு வழக்கம் உண்டு. துணி வாங்கினால் உடனே சீட்டில் பேர் எழுதி அதன் ஓரத்தில் குண்டூசி குத்துவேன். கல்யாணப் பட்டானாலும் சரி, கிழிந்த கோமணமானாலும் சரி. பேரில்லாத துணியைக் கத்தரிக்கமாட்டேன்.

"பேரு சொல்லுங்க."

வேதமணி சார் முந்திக்கொண்டார். "தம்புரான்னு எழுதினாப் போதும்."

"அந்தப் பேருல ஒரு ஆளு இல்லேன்னு கோர்ட்டுல சொல்லிட்டாங்க, சாறே. மறந்துபோச்சா?"

அப்போதுதான் அந்த மனுஷன் என் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். பிறகு பக்கத்தில் பட்டன் தைத்துக்கொண்டிருந்த ஜெயதாஸைப் பார்த்தார். ஓட்டு வேண்டும். வெளியே சந்தையே நிற்கிறது. எழுந்து போனால் அதுவும் பேச்சாகும். கீழே பார்த்துக்கொண்டு உதட்டை அசைத்தார்.

"கோதவர்மா."

இவ்வளவுதானா என்று இருந்தது எனக்கு. இதுக்காக்குமா என்று கேட்கத் தோன்றியது.

"சீட்டு எழுதுகது இவராக்கும்," என்று ஜெயதாஸைக் காட்டினேன். "இவருக்கு இடது செவி கேக்காது, வலது பாதிதான். ஏன்னு கேட்டா சாறு சொல்லுவாரு. கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க."

அவர் மறுபடி சொன்னார். ஜெயதாஸ் பட்டனைக் கீழே வைத்துவிட்டு வலது செவிக்குப் பின்னால் கையைக் குவித்தார். வேண்டுமென்று செய்யவில்லை, உண்மையாகவே கேட்கவில்லை.

"என்ன?" என்றார்.

மூன்றாவது தடவை அந்த மனுஷன் கத்தினார். கழுத்து நரம்பு புடைத்தது. வெற்றிலைக்கடையில் பேச்சு நின்றது. மீன் வரிசையில் பெர்த்தா கத்தியைப் பிடித்தபடி எட்டிப் பார்த்தாள். மரச்சீனிச் சுமையோடு போன ஒரு கிழவன் சுமையோடேயே நின்றுவிட்டான். யாருக்கு யார் பேரைச் சொல்கிறார் என்று எல்லாரும் பார்த்தார்கள்.

ஜெயதாஸ் சீட்டை எடுத்தார். பென்சிலை நாக்கில் தொட்டு, ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். குண்டூசி குத்தினார். துணியைத் தள்ளிப் பிடித்து ஒரு தடவை வாசித்துப் பார்த்துக்கொண்டார்.

"நல்ல பேருதானே," என்றார் அவரிடம். "அண்ணைக்கே சொல்லியிருக்கலாமே."